இடம் பார்த்து ஏறும் நஞ்சு

அத்தியாயம் 7

விசுவமடுவில் ஒரு கிழவர் சைக்கிள் கரியரில் குந்தியிருக்க, ஒரு பெண் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டு போவது 1997இல் யாரும் நின்று பார்க்கிற காட்சி அல்ல. பெற்றோல் தடையால் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளையும் தேங்காயெண்ணெயில் ஓடிய ஒரு வான் வண்டியையும் பார்த்துவிட்ட ஊர் அது. அந்த வானின் வடை வாசத்துக்குப் பின்னால் நடந்தே இருபது பேர் தருமபுரம் போய்ச் சேர்ந்ததாகவும், திரும்பி வரத்தான் வழி தெரியவில்லை என்றும் சொல்வார்கள்.

கரியரில் இருந்தவர் அப்புத்துரை. இருபத்தொரு வருடம் மரண விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தடவை விசாரணை நடுவில் பிணம் எழும்பி இருந்து தண்ணீர் கேட்க, இவர் பதிவேட்டை மூடி, "இனி இது என்ர வேலை இல்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாராம். பொய் என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை.

மிதித்தவள் ராக்காயி. எழுபத்தேழு கலவரத்தோடு மலையகத் தோட்டத்திலிருந்து வந்து வயல் வேலையில் காய்ந்தவள். அப்புத்துரைக்குப் போக முடியாத இடங்களுக்கு, முக்கியமாகப் பெண்கள் புழங்கும் குசினிகளுக்கும் கிணற்றடிகளுக்கும், அவர் கண்ணாகப் போய்வருபவள் அவள்தான்.

"எத்தனை மணி?" என்றார் அப்புத்துரை.

"ரெண்டு இருக்குங்க. நீங்க எறங்கி நடந்திருந்தா ஒண்ணரைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்."

நான்கு மணிக்கு ஒரு ட்ராக்டர், இராணுவச் சோதனை வாசல் உள்ள தாண்டிக்குளம் பக்கம் புறப்படுகிறது. அதில் கௌசலா என்ற இருபத்தாறு வயதுப் பெண்ணை ஏற்றி அனுப்புவதென்று அவளுடைய புருசன் ஜெயந்தன் முடிவெடுத்துவிட்டான். வெளியே போவதற்கான பாஸும் எழுதியாயிற்று. அந்த வாசலுக்கு அப்பால், நெளுக்குளத்தில் தாய் வீடு. அங்கே போனவள் இந்தப் பக்கம் திரும்பி வருவது லேசில்லை. வடக்கே கடல் பூட்டு, தெற்கே ஒருவழிக் கதவு. மூன்று வயது மகள் நிரோஜா தகப்பனோடு நிற்பாளாம்.

குற்றம், மாமியாருக்கு நஞ்சு வைத்தது. மாமியார் சிவனேஸ்வரிக்கு ஒன்றரை வருடமாக மேலெல்லாம் சொறி, காய்ச்சல், விரல் மூட்டுகளில் வீக்கம். பக்கத்து வளவுக் கமலாசனி வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்தாளாம். கௌசலா வெள்ளைக் குளிசையை அம்மியில் வைத்து நுணுக்கி மாமியின் கஞ்சியில் கலக்கினாளாம். கேட்டதற்குக் கௌசலா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காத ஆளைக் குற்றவாளி என்று முடிவு கட்டுவதற்கு ஊருக்கு அரை மணித்தியாலம் போதும்.

"காலமை சிவனேஸ்வரியின்ர உடம்பில நீ பாத்ததை மேலயிருந்து கீழ சொல்லு," என்றார் அப்புத்துரை.

"ரெண்டு காதும் புண்ணுங்க. கழுத்துல மந்திரிச்சுக் கட்டுன அச்சரக்கூடு தொங்குற எடத்துல ஒரு வட்டம். நெஞ்சுல சட்டை ஊசி குத்துற எடத்துல ஒரு புள்ளி. எடது இடுப்புல சாவிக் கோர்வை செருகுற எடத்துல உள்ளங்கை அகலம். கையில மணிக்கூடு கட்டுற எடத்துலயும்."

"முதுகு?"

"தேங்கா உரிச்ச மாதிரி மழமழன்னு இருக்கு."

"வயிறு?"

"ஒண்ணுமில்ல. ஐயா, பொம்பளைங்க ஒடம்ப நான் சொல்லக் கேட்டுட்டு நீங்க கணக்கு வாத்தியார் மாதிரி தலையாட்டுறது எனக்கே வெக்கமா இருக்கு."

"வயித்துக்குள்ள போன நஞ்சு," என்றார் அப்புத்துரை நிதானமாக, "முதுகை விட்டிட்டு, வயித்தை விட்டிட்டு, காதுத் துளையைத் தேடிப் போய் இறங்கினதாம். இப்பிடி விலாசம் தெரிஞ்ச நஞ்சை நான் ஒரு பிணத்திலயும் காணேல்லை."

ராக்காயி மிதிப்பதை நிறுத்தினாள். சைக்கிள் தன்பாட்டில் உருண்டது.

"அட. எல்லாம் உலோகம் தொடுற எடம்."

"தங்கத் தோடு எப்ப கழட்டினவ?"

"எடம்பெயர்ந்து வந்த மகளுக்குக் குடுத்துட்டு, ரெண்டு வருசமா கவரிங் தோடுதான். சொறி வர வர அச்சரம் கட்டுனாங்க. முந்தி செம்புக் கூடு. இப்ப செம்பு ஏது? வெள்ளைத் தகரத்துல மூணு கூடு தொங்குது. ஒண்ணு சொறிக்கு, ஒண்ணு அந்த அச்சரத்தால வந்த சொறிக்கு. மூணாவது எதுக்குன்னு அவங்களுக்கே மறந்துபோச்சு."

"அப்ப கவரிங்கையும் கூட்டையும் கழட்டினால் சரி. வழக்கு முடிஞ்சுது."

"முடியலைங்க. இன்னொண்ணு இருக்கு. எடது கால், முழங்காலுக்குக் கீழ. எந்நேரமும் எண்ணெய்த் துணி கட்டியிருக்காங்கள்ல? அந்தக் கட்டோட ஓரத்துல தோல் செவந்து தண்ணி வடியுது. மத்த எல்லாத்தையும் விட அதுதான் மோசம்."

"எண்ணெய் ஒத்துக்கொள்ளேல்லையோ?"

"ரெண்டு காலுக்கும் அதே எண்ணெய்தான் போடுறாங்க. வலது கால் வாழைத்தண்டு."

பள்ளத்தில் சைக்கிள் விழுந்து எழும்பியதைக்கூட அப்புத்துரை கவனிக்கவில்லை. ராக்காயிக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது.

"இடது காலில என்ன நகை போட்டவ?"

"கால்ல ஒண்ணும் இல்லீங்க."

"வெளியில," என்றார் அப்புத்துரை.

அந்த ஒரு சொல்லோடு ராக்காயிக்குப் போன ஐப்பசி ஞாபகம் வந்துவிட்டது. அவளும் சிவனேஸ்வரியும் ஒரே ட்ராக்டரில் தாண்டிக்குளம் போனார்கள். ராக்காயி தம்பியைப் பார்க்க, சிவனேஸ்வரி கண் வைத்தியரிடம் காட்ட. சோதனை வரிசைக்குக் கிட்ட வந்ததும் சிவனேஸ்வரி தோட்டைக் கழட்டினாள். ஊசி, திறப்பு, மணிக்கூடு, அச்சரக்கூடு எல்லாவற்றையும் கழட்டி ராக்காயியின் பைக்குள் போட்டாள். முன்னுக்கு நின்ற ஒருவரின் தொடையில் பழைய ஷெல் துண்டு ஒன்று இருந்தது. சோதனைக் கருவி கீச்சிட்டது. ஆமிக்காரர் அவரைக் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"அதுக்கப்புறம் இந்தம்மா வயிறு சரியில்லேன்னு திரும்பிட்டாங்க. ஒடம்புல ஒரு குண்டூசி கெடையாது. நானும் பயம்னுதான் நெனச்சேன்."

"உடம்பில இல்லை. உடம்புக்குள்ள," என்றார் அப்புத்துரை. "மிதி."

சிவனேஸ்வரியின் காலுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை இருந்தது. காலஞ்சென்ற கணவர் சின்னராசா எலும்பு முறிவு பார்க்கும் நாட்டு வைத்தியர், முறிவுப் பரியாரியார். அவர் கை பட்டால் ஒடிந்த வேலிக் கதியால்கூட மறுபடி துளிர்க்கும் என்பார்கள். ஐந்து வருடத்துக்கு முன் நெல்லுக் குதிரின் மேலிருந்து விழுந்து இரண்டாக முறிந்த மனைவியின் காலை அவர்தான் எண்ணெய் போட்டு, மூலிகைப் பத்துக் கட்டி, நடக்க வைத்தார் என்பது பதினாலு ஊருக்குத் தெரிந்த சங்கதி. இப்போது மகன் ஜெயந்தன் அதே கட்டிலில் அதே எண்ணெயோடு இருக்கிறான். புதிதாக வரும் நோயாளிக்கு நம்பிக்கை வரவில்லை என்றால் அதற்கும் அவனிடம் வைத்தியம் உண்டு.

அவர்கள் படலையைத் திறந்தபோது அந்த வைத்தியம்தான் நடந்துகொண்டிருந்தது.

"அம்மா, ஒருக்கா நடந்து காட்டுங்கோ."

சிவனேஸ்வரி கிணற்றடியிலிருந்து குசினி வரை நடந்தாள். மணிக்கட்டு முறிந்த நடராசா என்பவர் தன் கையை மறந்துவிட்டு அவள் காலைப் பார்த்தார். குசினி வாசலில் அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டதை அவர் கவனிக்கவில்லை. அப்புத்துரை கவனித்தார்.

"என்ன ஐயா, இஞ்சால பக்கம்?" என்றான் ஜெயந்தன். "இஞ்ச ஒருத்தரும் இன்னும் சாகேல்லை."

"சாகிறதுக்கு முந்தி ஒருக்கா வந்து பாப்பமெண்டு. உன்ர மனுசி எங்க தம்பி?"

"உடுப்பு அடுக்கிறாள். நாலு மணிக்குப் போறாள்."

"என்ன குளிசை எண்டு கேட்டனியோ?"

"நஞ்சு வைக்கிறவள் சொல்லுவாளோ?"

அப்புத்துரை மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் வானம் கிழிந்தது. கிபீர் போர்விமானம். ஒரு வினாடி எல்லாரும் சிலை, அடுத்த வினாடி ஒருவரும் இல்லை. ஜெயந்தன் நோயாளிகளை இழுத்துக்கொண்டு முன் வளவுப் பங்கர்க் குழிக்குள் விழுந்தான். அப்புத்துரையை ராக்காயி பின் வளவுப் பங்கருக்குள் தள்ளினாள். அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதர் எப்படி உருளக் கூடாதோ அப்படி உருண்டு போய் அவர் சேர்ந்தார்.

உள்ளே ஏற்கெனவே சிவனேஸ்வரி இருந்தாள். நிரோஜாவை மடியில் அமத்தியபடி கௌசலாவும் இருந்தாள். பனங்குற்றிக் கூரை, ஈர மண் வாசம், நாலு பெரிய ஆட்களுக்கும் ஒரு பிள்ளைக்கும் போதாத இடம். எங்கோ குண்டு விழ, கூரையிலிருந்து மண் அப்புத்துரையின் தலையில் கொட்டியது.

"இப்ப ஒருத்தரும் எழும்பிப் போகேலாது," என்றார் அவர், தலையைத் தட்டிக்கொண்டு. "எனக்கு வசதி. சிவனேஸ்வரி, உங்கட இடது காலுக்குள்ள என்ன இருக்கு?"

"எலும்பு அண்ணை."

"அதோட?"

"வேற என்ன இருக்கும்? இவர் கட்டின கால்."

"காதில கவரிங், காது புண். இடுப்பில திறப்பு, இடுப்புப் புண். நெஞ்சில ஊசி, அதில புண். காலில ஒண்டுமில்லை, அதுதான் பெரிய புண். தாண்டிக்குளத்தில முழுக்கக் கழட்டிக் குடுத்த மனுசி, கழட்டேலாத ஒண்டு இருந்தபடியால் திரும்பி வந்தவ. எலும்புக்கு வைச்ச ஆஸ்பத்திரித் தகடு. நான் சொல்லுறது பிழையெண்டால் கட்டை அவிட்டு ராக்காயிட்டைக் காட்டுங்கோ."

சிவனேஸ்வரி காலை இழுத்துச் சேலைக்குள் வைத்தாள். இழுப்பதற்கு அங்கே இடமும் இல்லை. அவள் குதிக்கால் அப்புத்துரையின் முழங்காலில் முட்டி நின்றது.

"காட்டமாட்டன்."

"அப்ப இந்தப் பிள்ளை நாலு மணிக்குப் போயிடும்."

"அவள் குளிசை கலந்தவள்தானே. அதை ஏன் ஒருத்தரும் கேக்கிறியள் இல்லை?" அவள் குரல் உயரவில்லை. ஆனால் மருமகளின் முகத்தை அவள் பார்க்கவுமில்லை. "வாசலில நிக்கிற சனம் இந்தக் காலைப் பாத்துத்தான் கையை நீட்டுது. இதுக்குள்ள இரும்பு எண்டால் என்ர மனுசன் பொய்க்காரன். என்ர மகன் பொய்க்காரன். அடுப்பு எரியாது. நான் என்னண்டு சொல்ல?"

அப்புத்துரை விசாரித்த பிணங்கள் எதற்கும் காப்பாற்ற ஒரு பெயர் இருந்ததில்லை.

"நான் வெளிய போய்ச் சொல்லலாம்," என்றார் கடைசியில். "நீங்கள் இல்லையெண்டால் இல்லைதான். செத்தவையின்ர உடம்பை மட்டும்தான் நான் கேக்காமல் திறந்தனான்."

மேலே கிபீர் இரண்டாம் சுற்று வந்தது. நிரோஜா தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு நீண்ட இரைச்சல், அதற்குப் பின் ஒரு நீண்ட அமைதி.

அந்த அமைதியில்தான் கௌசலா வாயைத் திறந்தாள்.

"ஆறு ஆணி, மாமி."

ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கிய ஒருத்தி மூச்சை அடக்கினாள்.

"போன வருசம் காய்ச்சலில நீங்கள் நினைவில்லாமல் கிடக்கேக்க நான்தான் உடம்பு துடைச்சனான். கட்டு ஈரமாப் போச்செண்டு அவிட்டனான். நேர்கோடா ஒரு தழும்பு, ரெண்டு பக்கமும் தையல் புள்ளி. பத்துக் கட்டினால் தையல் வராதெல்லோ. விரலால தடவிப் பாத்தன். தோலுக்குக் கீழ ஆறு ஆணித்தலை. எண்ணிப்போட்டுத் திரும்பக் கட்டினனான்."

"நீ..." என்றாள் சிவனேஸ்வரி.

"காட்டுக்குள்ள நடக்கிற ஆஸ்பத்திரி டொக்டரிட்டைப் போய் எல்லாம் சொன்னனான். சில பேரின்ர உடம்புக்கு அந்தத் தகட்டில கலக்கிற நிக்கல் ஒத்துவராதாம். முதல் கவரிங் தோட்டைப் பகைச்சு, பிறகு காலுக்குள்ள இருக்கிறதிலயும் கோபம் வரலாமாம். விரல் மூட்டு வீங்கிறது வேற வருத்தமாவும் இருக்கலாமாம். உடம்பின்ர காவல்காரர் குழம்பிப் போய்ச் சொந்த ஆக்களையே பிடிச்சு அடிக்கிற மாதிரி ஒரு வருத்தம் இருக்காம். அது தகட்டால வந்ததோ எண்டு தன்னால அடிச்சுச் சொல்லேலாதெண்டவர்."

"அப்ப உள்ளேயும் ஒரு தாண்டிக்குளம்," என்றாள் ராக்காயி.

"எலும்பு எப்பவோ பொருந்தியிருக்கும், தகட்டைக் கழட்டிப் பாப்பம் எண்டவர். அதுவரைக்கும் சொறிக்கு ஒரு சின்னக் குளிசை தந்தவர். இங்கிலீஸ் மருந்து வீட்டுக்குள்ள வரக்கூடாதெண்டு உங்கட மகன் சொல்லியிருக்கிறாரே. அதுதான் நுணுக்கிக் கஞ்சியில போட்டனான்."

அப்புத்துரை மண் படிந்த கண்ணிமைகளோடு அவளைப் பார்த்தார். குளிசை கலந்த நாட்களில் கிழவி சொறி அடங்கி நித்திரை கொண்டிருப்பாள். கமலாசனி கண்டுபிடித்ததோடு குளிசை நின்றது, சொறி இரட்டிப்பாயிற்று, அதையே ஊர் சாட்சியாக எடுத்துக்கொண்டது. அவர் தகட்டைக் கண்டுபிடித்தார். இந்தப் பெண்ணோ அதை ஒரு வருடத்துக்கு முன்பே விரலால் எண்ணிவிட்டு மூடி வைத்திருக்கிறாள்.

"உன்னை வெளிய அனுப்பப் போறாங்கள் எண்டு தெரிஞ்சும் ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"மாமி மறைக்கிறதை நான் என்னண்டு ஐயா சொல்லுறது? சொன்னால் அவரின்ர தொழில் போயிடும். சொல்லாட்டி நான் போகவேணும். ரெண்டில ஒண்டு போகத்தானே வேணும்."

சிவனேஸ்வரி மருமகளை முதல் தடவையாகப் பார்த்தாள். தூரத்தில் ட்ராக்டரின் ஹோர்ன் கேட்டது. கிபீர் போய்விட்டது, ட்ராக்டர்காரனுக்கு அவசரம், மூன்றரை மணிக்கே வந்துவிட்டான்.

முதலில் ஏறியது சிவனேஸ்வரி. மண் படியில் இடது காலை ஊன்றி, பல்லைக் கடித்து, ஒருவரின் கையையும் பிடிக்காமல் ஏறினாள். மற்றவர்கள் வெளியே வந்தபோது முன் வளவில் ஜெயந்தன் கௌசலாவின் பையைத் தூக்கிக்கொண்டு படலையடிக்குப் போய்க்கொண்டிருந்தான். நடராசாவும் இன்னும் நாலைந்து நோயாளிகளும் மண் தட்டிக்கொண்டு நின்றார்கள். வேலிப் பொட்டில் கமலாசனியின் ஒரு கண்.

"பையை வை," என்றாள் சிவனேஸ்வரி.

"அம்மா, ட்ராக்டர் நிக்காது."

அவள் நோயாளிகளின் கட்டிலில் இருந்தாள். எண்ணெய்த் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். சிவந்து நீர் வடிகிற தோலின் நடுவே அளவுகோல் வைத்துக் கீறியதுபோல் ஒரு தழும்பு.

"இது உன்ர அப்பா கட்டின கால் இல்லை. யாழ்ப்பாணத்தில ஆஸ்பத்திரியில வெட்டித் தகடு வைச்சது. அதுதான் இப்ப எனக்கு ஒத்துக்கொள்ளுதில்லை. இவள் கலந்தது சொறிக்கு மருந்து."

ஜெயந்தனின் கையிலிருந்த பை கீழே வந்தது. வைத்தானா, விழுந்ததா என்று சொல்ல முடியாது.

"அப்பா காலைக் கட்டினாப் பிறகு, நேர்த்திக்கெண்டு நல்லூர்த் திருவிழாவுக்கெல்லே போனனீங்கள்?"

"துணியால சுத்தி மூடிப்போட்டு அப்பிடித்தான் உனக்கும் ஊருக்கும் சொன்னது. எலும்பு தோலைக் கிழிச்சு வெளிய வந்து நிண்டது. அப்பா பாத்தார். எண்ணெய்ப் போத்திலை எடுத்தார், திரும்ப வைச்சார். 'சிவனேசு, இது என்ர கைக்கு அடங்காது' எண்டார். கிளாலிக் கடலால வள்ளத்தில என்னைக் கொண்டு போனவர். துவக்குச் சூடு விழுந்த கடல். கரை சேருமட்டும் என்ர காலைத் தன்ர மடியில வைச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு இருந்தவர். வந்தாப் பிறகு எல்லாருக்கும் சொல்லுவம் எண்டார். நான்தான் விடேல்லை. அப்பா ஒரு நாளும் பொய் சொல்லேல்லை. நான் சொன்னனான்."

ட்ராக்டர்காரன் இன்னொரு தடவை ஹோர்ன் அடித்தான். ராக்காயி படலைக்குப் போய், "இங்கேர்ந்து யாரும் வரலை, நீ கெளம்பு ராசா," என்றாள். ட்ராக்டர் புகை விட்டுக்கொண்டு போனது.

ஜெயந்தன் தாயின் காலைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

நடராசா பதில் சொல்லுவார் போல ஜெயந்தன் அவரைப் பார்த்தான். அவர் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கௌசலா நிரோஜாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். மாமியின் கழுத்திலிருந்த மூன்று தகரக் கூடுகளையும் ஒவ்வொன்றாகக் கழட்டிக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். சிவனேஸ்வரி தலையைக் குனிந்து கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு இந்த மாசம் மயக்க மருந்து வந்திருக்காம்," என்றாள் கௌசலா, புருசனைப் பாராமலே. "அடுத்த மாசம் வருமோ தெரியாது. மாமியை இண்டைக்கே கொண்டு போகவேணும். சைக்கிளுக்குக் காத்து இருக்கோ எண்டு பாருங்கோ."

ஜெயந்தன் போய்ச் சைக்கிளின் பின் டயரை அமத்திப் பார்த்தான்.